'ஆறுகோண நீர்' கருவி பற்றி ஒரு திருத்தம்

தண்ணீரின் அமைப்பையே மாற்றுவதாகச் சொல்லி விற்கப்படும் 'ஆறுகோண நீர்' கருவி பற்றிய உங்கள் பதிவில் "காந்தக் குழாய் வழியாகப் போன தண்ணீர் ஆறுகோண அமைப்புக்கு மாறி, பாட்டிலில் மாதக்கணக்கில் அப்படியே இருக்கும், அதன் வாய்பாடு H₃O₂" என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டுமே தவறு.

ஆறுகோண வளையம் பனிக்கட்டியில் உண்மையாகவே உண்டு. அங்கே ஒவ்வொரு மூலக்கூறும் நான்கு அண்டை மூலக்கூறுகளோடு ஹைட்ரஜன் பிணைப்பால் கட்டுண்டு நிற்கிறது, நடுவே வெற்றிடம் விட்டு. அதனால்தான் பனிக்கட்டியின் அடர்த்தி 0.917 கிராம்/க.செ.மீ. மட்டுமே, அது மிதக்கிறது, ஃப்ரீசரில் நிரப்பி வைத்த கண்ணாடி பாட்டில் வெடிக்கிறது. உருகும்போது இந்தக் கட்டமைப்பு குலைகிறது, மூலக்கூறுகள் நெருங்குகின்றன. 0 டிகிரியிலிருந்து 4 டிகிரி வரை சூடாக்கினால் தண்ணீர் சுருங்குவதும் இந்த நெருக்கத்தால்தான். அதற்கு மேல் மூலக்கூறுகளின் வெப்ப அசைவு ஜெயித்துவிடும், தண்ணீர் விரியும்.

திரவ நீரிலும் ஹைட்ரஜன் பிணைப்புகள் உண்டு. ஆனால் ஒன்றின் ஆயுள் சுமார் ஒரு பிக்கோ வினாடி, அதாவது ஒரு வினாடியில் லட்சம் கோடியில் ஒரு பங்கு. மாதக்கணக்கு எங்கே, இது எங்கே! காந்தமும் உதவாது; நீர் காந்தத்தால் மிகப் பலவீனமாகத் தள்ளப்படும் பொருள்.

H₃O₂ விஷயத்தில் மின்னூட்டங்களைக் கூட்டிக் கழித்தாலே போதும்: மூன்று ஹைட்ரஜனுக்கு +3, இரண்டு ஆக்சிஜனுக்கு −4, மிச்சம் −1. அது எதிர்மின் அயனி. ஈடுகட்ட நேர்மின் அயனி இல்லாமல் பாட்டிலில் தனியாக அடைக்க முடியாது.

சுவை மாறியது என்றால் முதலில் டிடிஎஸ் மீட்டரை (தண்ணீரில் கரைந்துள்ள உப்பின் அளவைக் காட்டும் கருவி) வைத்துப் பாருங்கள். 'ஆறுகோண நீர்' கருவிக்குள் ஃபில்டர் இருந்தால் உப்பின் அளவு மாறியிருக்கும்.