கருதுகோளின் வகைகளை ஒப்பித்தால் அரசியல் புரிந்துவிடுமா?

"கருதுகோள் என்றால் என்ன? அதன் வகைகளை விளக்குக." அரசியல் அறிவியல் முதுகலையில் ஆய்வு முறையியல் தாளைத் திறந்தால் இந்தக் கேள்விதான் முன்னால் வந்து நிற்கிறது. (கருதுகோள் என்றால், ஆய்வு செய்து சரியா தவறா என்று சோதிப்பதற்காக முன்வைக்கும் ஊகம்.) ஆசிரியர் வாசிக்க வாசிக்க நாங்கள் எழுதிக்கொண்ட குறிப்பேட்டில் விடை அச்சு அசலாக இருக்கிறது. அதை அப்படியே எழுதி முதல் வகுப்பு வாங்கிய ஒருவரிடம், உங்கள் ஊர் வார்டு தேர்தலைப் பற்றி ஒரு கருதுகோள் சொல்லுங்கள் என்று கேட்டுப் பாருங்கள், திருதிருவென விழிப்பார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. ஒரு பருவம் முழுக்க யாரும் அவரிடம் அப்படிக் கேட்கவே இல்லை.

வயிறு எரிகிறது. 2024 மக்களவைத் தேர்தலில் பெரும்பாலான வாக்குக் கணிப்புகள் ஆளும் கூட்டணிக்கு 350 இடங்களுக்கு மேல் என்றன, கிடைத்தது 293. மாதிரியைத் தேர்ந்தெடுத்த விதம் தவறா, மக்கள் வாய் திறக்கவில்லையா, வாக்கு விகிதத்தை இடங்களாக மாற்றிய கணக்கு பிசகியதா? முறையியல் வகுப்புக்கு இதைவிட நல்ல பாடம் வாய்க்குமா? வகுப்பில் கேட்டால், "அது பாடத்திட்டத்தில் இல்லை" என்று வாயை அடைத்துவிட்டார்கள்.

களப்பணி என்ற பெயரில் நடப்பதோ அதைவிடக் கொடுமை. கூகுள் படிவம் ஒன்றைத் தயாரித்து, வாட்ஸ்அப் குழுக்களில் போட்டு, விடுதி நண்பர்களும் சித்தப்பா பிள்ளைகளும் நிரப்பித் தந்ததை "தமிழக இளைஞர்களின் அரசியல் விழிப்புணர்வு" என்று தலைப்பிட்டுச் சமர்ப்பிக்கிறோம். நெறியாளரும் கையெழுத்துப் போடுகிறார். 1936இல் அமெரிக்காவின் லிட்டரரி டைஜஸ்ட் இதழ் 20 லட்சத்துக்கும் மேற்பட்டோரின் பதில்களை வைத்துக்கொண்டு ரூஸ்வெல்ட் தோற்பார் என்றது. அவர் 48 மாநிலங்களில் 46ஐ வென்றார். தொலைபேசியும் காரும் வைத்திருந்தவர்களின் பட்டியல்களிலிருந்து பெரும்பாலான முகவரிகளை எடுத்ததும், அவர்களிலும் விருப்பப்பட்டவர்கள் மட்டுமே பதில் போட்டதும் அந்த இதழைக் கவிழ்த்தன. நாம் வாட்ஸ்அப்பில் செய்வதும் அதே பிழைதான்.

பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டகச்சியேந்தல் ஆகிய ஊராட்சிகளைத் தமிழ்நாட்டில் அரசியல் படிக்கும் எந்த மாணவரும் அறியாமல் இருக்கக் கூடாது. 1996இல் தலைவர் பதவி தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்ட பிறகு, ஆதிக்க சாதியினரின் எதிர்ப்பால் பத்து ஆண்டுகள் அங்கே முறையான தலைவர் அமரவில்லை. வேட்புமனு வராது, வந்தாலும், வென்றவர் உடனே ராஜினாமா செய்துவிடுவார். 2006இல்தான் நிலைமை மாறியது. இதை எப்படி ஆய்வு செய்வது? "ஏன் ராஜினாமா செய்தீர்கள்?" என்று அச்சடித்த தாளை நீட்டி, "முழுமையாக உடன்படுகிறேன்" முதல் "முற்றிலும் உடன்படவில்லை" வரை ஐந்து கட்டங்களில் ஒன்றில் டிக் போடச் சொல்வதா? அவரை எந்த இடத்தில் சந்திப்பது, பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள், நாம் ஊரை விட்டுப் போன பிறகு அவருக்கு என்ன நடக்கும், கேட்பவரின் சாதி தெரிந்தால் பதில் மாறுமா? முறையியல் என்பது இந்தக் கேள்விகள்தான். "நேர்காணலின் நன்மை தீமைகள்" என்று ஆறு வரி எழுதினால் இதில் எது வரும்?

டெல்லியில் இயங்கும் லோக்நீதி என்ற ஆய்வு அமைப்பினர் தேர்தல் ஆய்வுக்கு வாக்காளர் பட்டியலில் சீரான இடைவெளியில் பெயர்களை எடுத்து, அந்த வீட்டுக்கே போகிறார்கள். யாருக்கு வாக்களித்தீர்கள் என்று வாயால் சொல்லச் சொல்லாமல், மாதிரி வாக்குச்சீட்டைக் கொடுத்து, குறியிட்டுப் பெட்டியில் போடச் சொல்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரர் திண்ணையில் இருந்தாலும் ரகசியம் காக்கப்படுகிறது. மனித பயத்தை மதித்து உருவான இந்த ஏற்பாட்டை ஒரே ஒரு நாள் செய்து பார்த்தால் போதும், ஆயுளுக்கும் மறக்காது.

பல்கலைக்கழகத்தில் பணம் இல்லை, நேரம் இல்லை என்ற சாக்கு இனி வேண்டாம். வாக்காளர் பட்டியலும் வாக்குச்சாவடி வாரியான படிவம் 20 முடிவுகளும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. அடுத்த பருவத்திலாவது குறிப்பு வாசிப்பதை நிறுத்துங்கள். ஆளுக்கொரு வாக்குச்சாவடியை ஒதுக்கி, தெருவுக்கு அனுப்புங்கள். கதவைச் சாத்தியவர்கள் எத்தனை பேர், ஏன் சாத்தினார்கள் என்று எழுதி வரச் சொல்லி, மதிப்பெண்ணில் பாதியை அதற்குக் கொடுங்கள்.