கோழி குளிப்பதை நின்று பார்த்தோம்

போன ஞாயிறு அக்கா மகளை ஒரு பண்ணைக்குக் கூட்டிப் போனேன். பார்க்க வேண்டிய இடங்கள் எட்டு என்று வாசலில் பலகை வைத்திருந்தார்கள். மாலை வரை இருந்தும் நாங்கள் பார்த்தது மூன்றுதான். அதில் எனக்கு முழுத் திருப்தி.

முதலில் கோழி அடைப்பு. ஒரு பழுப்புக் கோழி பக்கவாட்டில் சரிந்து, ஒரு காலை உதறிக்கொண்டு, கண் சொக்கிக் கிடந்தது. "சித்தி, கோழி சாகப்போகுது" என்று அழ ஆரம்பித்துவிட்டாள். எனக்கும் பதறியது. தீவனம் வைக்க வந்த அம்மா, "குளிக்குது பாப்பா, கொஞ்ச நேரம் நின்னு பாரு" என்றார். நின்றோம். அலகால் மண்ணைத் தன் பக்கம் இழுத்தது. சிறகைத் தூக்கி இறகுக்குள் புழுதியை வாரிப் போட்டது. மறுபக்கம் புரண்டது. கடைசியில் எழுந்து ஒரே உதறல், எங்கள் முகமெல்லாம் மண். செள்ளு, பேன் தொல்லை குறையவும், இறகில் தேங்கிய எண்ணெய்ப் பசை போகவும் கோழிகள் இப்படித்தான் மண்ணில் குளிக்குமாம். இருபது நிமிடம் இருக்கும். அதற்குள் எத்தனையோ குடும்பங்கள் வந்து, ஒரு படம் எடுத்துக்கொண்டு, அடுத்த அடைப்புக்கு நகர்ந்துவிட்டார்கள்.

எனக்கு இதுதான் ஆதங்கம். பண்ணையைப் பொருட்காட்சி போல ஓடி ஓடிச் சுற்றுகிறோம். ஒரு பசு நாளுக்கு 6 முதல் 8 மணி நேரம் அசை போடும். அதன் முன்னால் இரண்டு நிமிடம் நின்றால் என்ன தெரியும்? உட்கார்ந்து பாருங்கள். விழுங்கியது கழுத்தின் வழியே உருண்டையாக மேலேறி வருவதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

இன்னொன்று, கையில் இருப்பதையெல்லாம் ஊட்டிவிடும் பழக்கம். ஆட்டுப் பட்டியில் ஒருவர் ரொட்டித் துண்டுகளை நீட்ட, பண்ணைக்காரர் ஓடிவந்து தடுத்தார். ரொட்டி நீட்டியவருக்கோ கோபம், "பிள்ளை ஆசைப்படுதே" என்றார். ஆட்டின் இரைப்பை இலைதழைக்குப் பழகியது. மாவுப் பொருள் திடீரென நிறையப் போனால் உள்ளே அமிலம் கூடி உயிரே போகலாம். ஆளுக்கொரு துண்டு கொடுத்தால் ஒரு நாளில் எத்தனை துண்டு ஆகும்! பிள்ளையின் ஆசைக்கு அந்த ஆடு ஏன் வயிறு வீங்கிச் சாக வேண்டும்?

தொழுவத்தில் அவள் கேட்ட கேள்விதான் கஷ்டமானது. கன்று ஈன்றால்தான் பசுவுக்குப் பால் சுரக்கும் என்று சொன்னேன். "அப்போ நாம குடிக்கிறது கன்னுக்குட்டியோட பாலா?" ஆமாம் என்றேன். மழுப்பத் தோன்றவில்லை. ஈன்றதும் வரும் சீம்பாலில்தான் கன்றுக்கு நோய் எதிர்ப்புச் சக்தி இருக்கிறது, அதை முதல் சில மணி நேரத்திலேயே கொடுத்துவிட வேண்டும் என்றும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் கன்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிள்ளைகளுக்கு இதெல்லாம் வேண்டாம் என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. சாப்பிடுகிற பிள்ளைக்குத் தெரிந்துகொள்ளும் உரிமையும் உண்டு.

அப்புறம், கை கழுவுவது. விலங்கைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவ வேண்டும், கிருமிநாசினித் திரவம் மட்டும் போதாது. சாணத்தில் இருக்கும் சில கிருமிகள் சின்னப் பிள்ளைகளின் சிறுநீரகத்தையே பாதிக்கும்.

கிளம்பும்போது அங்கே விளைந்த தக்காளியும் முட்டையும் வாங்கினோம். தக்காளி ஒன்றுக்கொன்று பொருத்தமில்லாத அளவு, சிலவற்றில் வெடிப்பு. முட்டையில் மண் ஒட்டியிருந்தது. ஓட்டின் மேல் இயற்கையான மெல்லிய பூச்சு இருப்பதால், கழுவி அடுக்கி வைக்காமல் சமைக்கும்போது கழுவச் சொன்னார் அந்த அம்மா. ஒரு முட்டை உருவாக ஒரு நாளுக்குக் கொஞ்சம் மேலேயே ஆகும் என்று சொன்னதைக் கேட்டதிலிருந்து, அட்டையை மடியைவிட்டு இறக்காமல் வந்தாள்.

அடுத்த முறை மீதி ஐந்து இடங்களையும் பார்த்துவிடலாமா என்று கேட்டேன். வேண்டாமாம், அந்தப் பழுப்புக் கோழியிடமே போக வேண்டுமாம். சரி என்று சொல்லியிருக்கிறேன்.