4கே-க்கு மாற்றினால் வீடியோ தெளிவாகிவிடாது

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களின் வாட்ஸ்அப் குழுக்களில், "திருவிழா வீடியோவை 4கே, 60 ஃப்ரேமில் எக்ஸ்போர்ட் செய்தால் வாட்ஸ்அப் தெளிவைக் குறைக்காது" என்று ஒரு செய்தி சுற்றுகிறது. தவறு. 1080பி அளவில் எடுத்ததை அதைவிடப் பெரிய 4கே அளவுக்கு ஆக்கினால் கோப்புதான் பெருக்கும், தீமிதியில் புகைக்குள் மங்கலாக விழுந்த அம்மாவின் முகம் மங்கலாகவேதான் இருக்கும், சாதாரண வீடியோவாக அனுப்பினால் வாட்ஸ்அப் எப்படியும் அதைச் சுருக்கிவிடும். எக்ஸ்போர்ட் செய்ய எம்பி4 கோப்பு, எச்.264 சுருக்க முறை, எடுத்த அதே ஃப்ரேம் வேகம் (நொடிக்கு எத்தனை படம்), இவை போதும். 1080பி, 30 ஃப்ரேம் வீடியோவை ஏற்ற யூடியூப் சொல்லும் பிட்ரேட் 8 எம்பிபிஎஸ் (நொடிக்கு 8 மெகாபிட் தரவு), அதன் உதவிப் பக்கத்திலேயே இருக்கிறது, பாருங்கள். சரி, வாட்ஸ்அப்பில் தெளிவு கெடாமல் போக வேண்டுமா? டாக்குமெண்டாக அனுப்புங்கள், 2 ஜிபி வரை போகும். பாட்டிமார் ஃபோனெல்லாம் வீணாக நிரம்புகிறது, அந்தச் செய்தியை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள்.