திருப்பம் இருக்கிறது என்றுகூடச் சொல்லாதீர்கள்

படம் பார்த்துவிட்டு வந்து கருத்துச் சொல்பவர்களோடு எனக்குச் சண்டையே இல்லை. அருமை, மொக்கை, இடைவேளைக்கு அப்புறம் இழுவை, எது வேண்டுமானாலும் சொல்லுங்கள். ஆனால், "கதையைச் சொல்ல மாட்டேன்பா, கடைசியில ஒரு திருப்பம் இருக்கு பாரு, சத்தியமா எதிர்பார்க்கவே மாட்டே" என்கிறார்களே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

அதைக் கேட்ட பிறகு நிம்மதியாக எப்படிப் படம் பார்ப்பது? முதல் காட்சியிலேயே மனசு துப்பறியக் கிளம்பிவிடுகிறது. நாயகனின் தோளில் கைபோடும் நண்பன் இரண்டு நொடி கூடுதலாகச் சிரித்தால் போதும், இவன்தான் என்று தோன்றிவிடும். அப்புறம் அவர்கள் இருவரும் சேர்ந்து வரும் எந்தக் காட்சியும் உள்ளே இறங்காது. எதை எப்போது காட்டுவது என்று இயக்குநரும் படத்தொகுப்பாளரும் மெனக்கெட்டுக் கோத்து வைத்ததை ஒரே வரியில் அவிழ்த்துவிடுகிறார்கள்.

1960இல் 'சைக்கோ' என்ற ஆங்கிலத் திகில் படம் வெளியானபோது, படம் தொடங்கிய பின் யாரையும் உள்ளே விடக் கூடாது என்று அதன் இயக்குநர் ஹிட்ச்காக் திரையரங்குகளுக்குக் கறாராகச் சொல்லிவைத்தார். முடிவை வெளியே சொல்லாதீர்கள் என்று ரசிகர்களையும் கேட்டுக்கொண்டார். அவருக்கே அந்தப் பயம் இருந்திருக்கிறது.

இன்னொரு ரகம் உண்டு. "அந்த அம்மா கேரக்டரை மட்டும் நல்லா கவனி." சரி, முடிந்தது கதை.

நடிப்பைப் பற்றிப் பேசுங்கள், இசையைப் பற்றி, ஒளிப்பதிவைப் பற்றி விடிய விடியப் பேசுங்கள், கேட்கிறேன். திருப்பத்தை மட்டும் நான் பார்த்துவிட்டு வந்த பிறகு பேசிக்கொள்ளலாம்.