அந்த மனுவை டைப் அடித்தவன் நான்

மூன்று நாளாக அந்த வீடியோவைப் பற்றி இனி ஒரு வார்த்தையும் எழுதக் கூடாது என்று வாயைக் கட்டிக்கொண்டு இருந்தேன். முடியவில்லை. எல்லோரும் பார்த்துவிட்டீர்கள், மறுபடி விவரிக்க வேண்டியதில்லை. கூட்டத்தில் இளநீர் குடித்துவிட்டு நம் தலைவர் எதில் கை துடைத்தார் என்பது உங்களுக்கே தெரியும். உங்களுக்கு அது ஒரு காகிதம். எனக்கு அது சனிக்கிழமை சாயங்காலம் என் கடையில் நான் டைப் அடித்துக் கொடுத்த மனு.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் கடை வைத்துப் பதினேழு வருஷம் ஆகிறது. ஜெராக்ஸ், லேமினேஷன், மனு டைப் அடிப்பது, இதுதான் பிழைப்பு. திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாள் என்றால் நான் ஷட்டரைத் தூக்கும் முன்பே வாசலில் ஆள் உட்கார்ந்திருக்கும். அந்த மனுவைக் கேட்டு வந்த அக்கா மீன் கூடை சுமந்து விற்கிறவர். ஆதாரில் ஒரு பெயர், பாஸ்புக்கில் ஓர் எழுத்து மாறி இன்னொரு பெயர். அதனால் விதவை உதவித்தொகை ஏழு மாதமாக வரவில்லை. நான் வழக்கம்போல 'மதிப்பிற்குரிய ஐயா' என்று ஆரம்பித்தேன். "அப்படி வேணாம் தம்பி, எங்க குலசாமின்னு போடு" என்றார். போட்டேன். பட்டங்களுக்கே மூன்று வரி போனது. அவருடைய கஷ்டத்துக்கு நாலு வரி. அந்த ஏழு வரியில்தான் தலைவர் கை துடைத்தார்.

வீடியோவைப் பார்த்த ராத்திரி நான் எழுதியது ஒன்றுதான். ஒரு தலைவனுக்கு ஒழுக்கம் வேண்டும். இதற்கு எத்தனை வசவு! யாரோ முகம் தெரியாதவர்கள் திட்டியதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. என் கண் முன்னால் வளர்ந்த பையன், காலேஜ் விண்ணப்பத்தைக்கூட என் கடையில் உட்கார்ந்து பூர்த்தி செய்தவன், "அண்ணே, தலைவர்கிட்ட வேலையைப் பாருங்க, ஒழுக்கத்தை உங்க வீட்டோட வச்சுக்குங்க" என்று எழுதியிருக்கிறான். அதற்கு இருநூறு பேர் இதயம் போட்டிருக்கிறார்கள்.

சரி தம்பி, உனக்கே சொல்கிறேன். ஒழுக்கம் என்றதும் குடிக்கிறாரா, எத்தனை கல்யாணம் என்று நீ போய்விட்டாய். அதை நான் கேட்கவே இல்லை. தன்னை எதுவும் செய்ய முடியாத ஒரு மனுஷியிடம் அவர் எப்படி நடந்துகொள்கிறார் என்று கேட்டேன். தப்பு செய்தால் வெட்கப்படுகிறாரா என்று கேட்டேன். அது வேலையில் சேராதா? ஏழு மாதப் பணத்தை வாங்கிக் கொடுப்பதுதானே அவர் வேலை? படிக்காமலே கசக்கியவர் எந்த வேலையைச் செய்வார்?

சட்டம் இருக்கிறதே, அது பார்த்துக்கொள்ளும் என்கிறார்கள் சிலர். இருக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை. வேட்பாளர் தன் மேல் உள்ள வழக்கையும் சொத்தையும் எழுதிக் கொடுக்க வேண்டும். இரண்டு வருஷம் தண்டனை வந்தால் பதவி உடனே போகும் என்று 2013ல் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. ஆனால் ஏழையின் மனுவில் கை துடைத்தால் எந்தச் செக்‌ஷனில் கேஸ் போடுவீர்கள்? சட்டம் எட்டாத இடம் என்று ஒன்று உண்டு. அங்கே மனசாட்சி ஒன்றுதான் காவல். அது இல்லாதவனுக்கு அதிகாரத்தைக் கொடுத்தால் இப்படித்தான் ஆகும்.

1956 நவம்பரில் அரியலூர் பக்கம் வெள்ளத்தில் தண்டவாளம் அரித்துப்போய் ரயில் கவிழ்ந்தது. நூற்று நாற்பதுக்கும் மேல் செத்தார்கள். ரயில்வே மந்திரி லால் பகதூர் சாஸ்திரி ராஜினாமா செய்தார். எந்தச் சட்டம் அவரைப் போகச் சொன்னது? ரயிலை அவரா ஓட்டினார்? நம் வடலூருக்கே போய்ப் பாருங்கள். 1947ல் இந்த மாகாணத்துக்கே பிரதமராக, அதாவது இன்றைய முதல்வர் மாதிரி, இருந்த ஓமந்தூரார், சொந்தக் கட்சிக்காரர்கள் சிபாரிசோடு வந்தாலும் வளைந்து கொடுக்காதவர், பதவி போனபின் அங்கே வந்து பிள்ளைகள் படிக்கக் குருகுலம் நடத்தினார்.

'அந்தக் காலம் வேறு' என்று உடனே சொல்வீர்கள். காலம் வேறுதான், வெட்கம் வேறா? 'எல்லாக் கட்சியும் அப்படித்தான்' என்பதற்கு நான் பதிலே சொல்லப் போவதில்லை. ஊரே திருடினால் திருட்டு நியாயமாகிவிடாது. 'நீ எதிர்க்கட்சி ஆள்' என்று எழுதியவர்களுக்கு மட்டும் ஒன்று. அவருக்கு இரண்டு முறை ஓட்டுப் போட்டவன் நான். அந்த வீடியோவை நான்கு முறை பார்த்து, வேறு ஏதாவது காகிதமாக இருக்கக் கூடாதா என்று தேடியவன்.

ஒரே ஒரு கேள்வி மட்டும் என்னைத் தூங்கவிடவில்லை. "சோறு போட்டவரைச் சாமியாகக் கும்பிட்டால் உனக்கென்ன?" இதை என்னால் தள்ளிவிட முடியாது. 1982ல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டம் கொண்டுவந்தபோதுதான் என் தங்கச்சி ஒழுங்காகப் பள்ளிக்கூடம் போனாள். அதற்கு முன் மதியம் வீட்டில் ஒன்றும் இருக்காது. 1987 டிசம்பரில் அவர் இறந்தபோது, முதுநகரில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்த என் அப்பா, பெற்ற தகப்பனுக்குப் போடுவது மாதிரி மொட்டை போட்டுக்கொண்டார். பசித்த பிள்ளைக்குத் தட்டில் சோறு விழுந்தால் தகப்பன் கண்ணுக்கு அது சாமிதான். அந்த நன்றியை நான் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் அந்த நன்றியை அப்புறம் யார் யாரோ அறுவடை செய்தார்கள். எங்கள் பகுதியில் ஒருவர் இருந்தார், பேர் வேண்டாம். அவருக்குக் கட்அவுட் வைக்க அப்பா அம்மாவின் தோட்டை அடகு வைத்தார். 2011 டிசம்பர் 30, தானே புயல். எங்கள் கூரை மொத்தமாகப் போனது. ஒரு தார்ப்பாய் கேட்கலாம் என்று அப்பா அவர் வீட்டு கேட்டில் காலையிலிருந்து நின்றார். மூன்று தடவை கார் உள்ளே போய் வெளியே வந்ததாம், கண்ணாடி இறங்கவில்லை. இருட்டியபின் வீட்டுக்கு வந்து, நனைந்த வேட்டியோடு உட்கார்ந்து, "அவருக்கு ஆயிரம் ஜோலி" என்றார்.

நான் கத்தினேன். அவரை இல்லை, அப்பாவை. இன்று நினைத்தால் வயிற்றைப் பிசைகிறது. தலைவன் கெட்டவன் என்று அப்பா ஒத்துக்கொண்டால் அவர் ஒட்டிய போஸ்டர், போட்ட கோஷம், அம்மாவின் தோடு எல்லாம் வீண் என்று ஆகும். அந்த வயசில் அதை எப்படித் தாங்குவார்? நாம் தலைவரை விட்டுக்கொடுக்காததற்குப் பாதிக் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். அவருக்குள் நம் ஆயுசைப் போட்டு வைத்திருக்கிறோம்.

இது சும்மா வீட்டோடு நிற்பதில்லை. 2000 பிப்ரவரியில் தர்மபுரியில் பஸ்ஸுக்குத் தீ வைத்தார்களே, அவர்களும் தலைவருக்குத் தண்டனை என்று கேட்டதும் மனசு பொறுக்காத 'விசுவாசிகள்'தான். உள்ளே சுற்றுலா வந்த வேளாண்மைக் கல்லூரிப் பிள்ளைகள். மூன்று பெண்கள் கருகிச் செத்தார்கள். யார் வீட்டுப் பிள்ளைகள் அவர்கள்? 1949லேயே அம்பேத்கர் அரசியல் நிர்ணய சபையில் நின்று எச்சரித்தார். மதத்தில் பக்தி ஆன்மாவின் விடுதலைக்கு வழியாக இருக்கலாம், அரசியலில் பக்தி சீரழிவுக்கும் கடைசியில் சர்வாதிகாரத்துக்கும்தான் கொண்டு போகும் என்று. அவர் சிலைக்கு மாலை போடுகிறோம், அவர் சொன்னதைக் கேட்கவில்லை.

தம்பி, நீ இதையும் படிப்பாய். பதில் எழுது, திட்டியே எழுது. ஆனால் 'ஒழுக்கம் எதற்கு' என்று மட்டும் மறுபடி கேட்காதே. உன் அம்மாவும் ஒருநாள் மனு கொடுக்க வரிசையில் நின்றவர்தான்.

இன்று மதியம் அந்த அக்கா கடைக்கு வந்தார். கலெக்டருக்கு ஒரு காப்பி வேண்டும் என்றார். கம்ப்யூட்டரில் அது அப்படியே இருந்தது. "தலைவருக்கும் இன்னொண்ணு போடு தம்பி, அன்னிக்குக் கூட்டத்துல அவருக்கு என்ன பேப்பர்னு தெரிஞ்சிருக்காது" என்றார். "குலசாமின்னு இருக்கிற வரியை எடுத்துடட்டுமாக்கா?" என்று கேட்டேன்.

"எதுக்கு? இருக்கட்டும்" என்றார்.

இரண்டு பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். காசு வேண்டாம் என்றேன். அவர் போனபின் பார்த்தால் ஸ்டேப்ளருக்கு அடியில் இருபது ரூபாய் இருந்தது.