கல்லில் அந்த வரி இல்லை

போன வாரம் நான் போட்ட ஜி.யு. போப் கல்லறைப் படத்தையும், ஞாயிற்றுக்கிழமை மேடையில் அதற்குக் கிடைத்த மரியாதையையும் இங்கே பெரும்பாலானோர் பார்த்திருப்பீர்கள். பார்க்காதவர்களுக்கு முதலிலிருந்து கதை சொல்ல எனக்குத் தெம்பில்லை. அந்த வீடியோவை எனக்கு மட்டும் 11 பேர் அனுப்பிவிட்டார்கள். அதில் 4 பேர் சிரிக்கிற பொம்மையையும் சேர்த்து.

"ஆக்ஸ்போர்டுக்குச் சுற்றுலா போய்வந்த டீச்சரம்மா ஒருவர் போப் ஐயர் கல்லறையிலேயே குறை கண்டுபிடித்துவிட்டார்" என்றார் பேச்சாளர். அரங்கம் சிரித்தது. பெயரைச் சொல்லாமல் விட்டது அவருடைய பெருந்தன்மை. நானும் அவர் பெயரைச் சொல்லப் போவதில்லை. கணக்கு நேர்.

நான் எழுதியது இவ்வளவுதான். ஜி.யு. போப்பின் கல்லறையில் 'இங்கே ஒரு தமிழ் மாணவன் உறங்குகிறான்' என்ற வரி இல்லை. நேரில் போய், குனிந்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தேன். இல்லை.

இதில் குறை எங்கே இருக்கிறது? யாரைக் குறை சொன்னேன்? சொன்னேன் என்றால் என்னைத்தான். ஏனென்றால் அந்த வரியை ஊருக்குப் பரப்பியதில் அந்தப் பேச்சாளரைவிட என் பங்கு அதிகம். 27 வருடம் தமிழாசிரியையாக இருந்தேன். வருடம் தவறாமல் ஒன்பதாம் வகுப்பில் சொல்லியிருக்கிறேன். பிறந்தது கனடாவில், 1820. கப்பலேறிச் சென்னைக்கு வந்தது 1839. அப்புறம் சாயர்புரம், தஞ்சாவூர், ஊட்டி, பெங்களூர். ஊர் திரும்பி ஆக்ஸ்போர்டில் தமிழும் தெலுங்கும் சொல்லிக்கொடுத்தார். 1886-ல் குறள் மொழிபெயர்ப்பு, 1893-ல் நாலடியார், 1900-ல் 80 வயதில் திருவாசகம். இவ்வளவையும் கரும்பலகையில் எழுதிவிட்டு, சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு, குரலைக் கொஞ்சம் தாழ்த்தி அந்தக் கல்லறை வரியைச் சொல்வேன். கடைசி பெஞ்சுகூட அமைதியாகிவிடும். அந்த அமைதி எனக்குப் பிடிக்கும். உண்மையைச் சொன்னால், அந்த அமைதிக்காகத்தான் சொன்னேன். எங்கே படித்தாய், யார் பார்த்தார்கள் என்று என்னை நானே ஒருநாளும் கேட்டுக்கொண்டதில்லை.

இப்போது 'சுற்றுலா' விஷயத்துக்கு வருகிறேன். எல்லாவற்றிலும் அந்தச் சொல்தான் தைத்தது.

நான் இங்கிலாந்து போனது மகளின் பிரசவத்துக்கு. பெட்டியில் பாதி, பிள்ளை மருந்துச் சாமானும் பூண்டும் சுக்குப் பொடியும். ஐந்து மாதம் இருந்தேன். தேம்ஸ் நதியைப் பார்த்தேனா என்றால் ரயில் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கிளம்புவதற்கு முந்தைய வாரம், "அம்மா, ஒரு நாளாவது வெளியே போயிட்டு வா, குழந்தையை நான் பார்த்துக்கறேன்" என்று மாப்பிள்ளை சொல்ல, நானும் மகளும் ஆக்ஸ்போர்டுக்கு ரயிலேறினோம். கல்லூரிகளைச் சுற்றிக் காட்டுகிறேன் என்றாள். எனக்கு ஒரே ஓர் இடம் போதும் என்றேன். "ஊர் விட்டு ஊர் வந்து சுடுகாடா பார்க்கப் போறே?" என்று கேட்டாள். அவளும் என்னிடம் ஒன்பதாம் வகுப்பு படித்தவள்தான்.

ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போய்விடலாம். ஜெரிகோ என்று ஒரு பகுதி, வால்டன் தெரு. தெருவைவிட்டு ஒதுங்கி மரங்களுக்கு நடுவே ஒரு சந்து உள்ளே போகிறது, கவனிக்காவிட்டால் தாண்டிப் போய்விடுவோம். செயின்ட் செபல்கர்ஸ் கல்லறைத் தோட்டம். ஊருக்குள் இருந்த பழைய தேவாலய வளாகங்களில் புதைக்க இடமில்லாமல் போனதால் 1848-ல் திறந்தது. இப்போது அங்கே அடக்கம் நடப்பதில்லை. புல்லும் செடியும் அதன் போக்கில் வளர்ந்து கிடக்க, சாய்ந்தும் சரிந்தும் கற்கள். ஒருவர் நாயோடு நடந்துகொண்டிருந்தார். ஓர் இளம்பெண் பெஞ்சில் உட்கார்ந்து ரொட்டி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். கல்லறைக்கு நடுவே சாப்பாடு! நானே வைத்த கண் வாங்காமல் பார்த்தேன், மகள் இடித்தாள்.

ஒரு விஷயம் இதுவரை எழுதவில்லை. என் 61 வயதில் நான் ஒரு கல்லறைத் தோட்டத்துக்குள் காலெடுத்து வைத்தது அன்றைக்குத்தான் முதல் தடவை. எங்கள் வீடுகளில் பெண்கள் தெருமுனையோடு சரி. 1998-ல் அப்பா இறந்தபோது முச்சந்தியில் பாடையை ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டிவிட்டு, எங்களைத் திரும்பச் சொல்லிவிட்டார்கள். அப்பாவை எந்த இடத்தில் வைத்தார்கள் என்று அண்ணன் கையை நீட்டிக் காட்டிய திசைதான் எனக்குத் தெரியும். தண்ணீர் எடுத்துத் தலைமுழுகு என்றார்கள், முழுகினேன். அந்த அப்பாதான் எனக்குக் குறள் சொல்லிக்கொடுத்தவர். யாரோ ஒரு வெள்ளைக்காரப் பாதிரியாரின் கல்லறையில் கண் கலங்கினேன் என்று எழுதியதற்கு, நாடகம் என்று ஒரு தம்பி கமெண்ட் போட்டிருந்தார். நாடகமாகவே இருக்கட்டும் தம்பி. நீங்கள் உங்கள் அப்பாவுக்குக் கொள்ளி வைத்திருப்பீர்கள்.

சரி, கல்லுக்கு வருகிறேன்.

கல்லில் அந்த வரி இல்லை. என்ன இருக்கிறது என்பதை யாருமே கேட்கவில்லை, அதுதான் எனக்கு ஆச்சரியம். 'இல்லை' என்ற சொல்லோடு படிப்பதை நிறுத்திவிட்டு எல்லோரும் சண்டைக்கு வந்துவிட்டார்கள். ஆங்கிலத்தில் இருக்கிறது. முதலில் அவர் பெயர். பெயருக்குக் கீழே என்ன போட்டிருக்கிறார்கள் தெரியுமா? தென்னிந்தியாவைச் சேர்ந்தவர் என்று. கனடாவில் பிறந்து, ஆக்ஸ்போர்டில் இறந்து, ஆக்ஸ்போர்டிலேயே புதைக்கப்பட்ட மனிதரை அந்தக் கல் நம்ம ஊர்க்காரர் என்கிறது! அப்புறம், பல்கலைக்கழகத்தில் தமிழும் தெலுங்கும் போதித்தவர், பேலியல் கல்லூரித் தேவாலயத்தின் பாதிரியாராக இருந்தவர். பிறந்தது 1820, இறந்தது 1908. அதற்கும் கீழே, இந்தக் கல்லை வைத்தவர்கள் அவருடைய குடும்பத்தாரும் தென்னிந்தியாவிலுள்ள அவருடைய தமிழ் நண்பர்களும் என்று.

தமிழ் நண்பர்கள். 1908-ல் இறந்தவருக்கு, கடல் கடந்து, இங்கிருந்து சிலர் பணம் சேர்த்து அனுப்பியிருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் பெயர்கூட அந்தக் கல்லில் கிடையாது. கோயில் டியூப்லைட்டில் வெளிச்சமே வராத அளவுக்கு உபயதாரர் பெயர் எழுதுகிற ஊரிலிருந்து போன பணம் அது. இதைவிட என்ன வேண்டும் உங்களுக்கு? 'தமிழ் மாணவன்' என்ற வரி அவர் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொண்டதாக நாம் கட்டியது. கல்லில் இருப்பது நம்மவர்கள் அவரைப் பற்றிச் சொன்னது. நம் ஆட்கள் செய்ததை நாமே மறைத்துவிட்டு, நடக்காத ஒன்றுக்குக் கைதட்டிக்கொண்டிருக்கிறோம்.

இதைத்தான் எழுதினேன். அதற்குத்தான் துரோகி.

வந்த கேள்விகளுக்கு ஒரு தடவை பதில் சொல்லிவிடுகிறேன். மறுபடி மறுபடி கேட்காதீர்கள், எனக்குப் பேரன் அழைப்பு இருக்கிறது.

'எழுத்து அழிந்திருக்கும்' என்கிறார்கள். மற்ற எல்லா எழுத்தும் இருக்க, அந்த ஒரு வரி மட்டும் தமிழ்நாட்டின் மேல் கோபித்துக்கொண்டு எழுந்து போய்விட்டதா? 'உயிலில் அப்படி எழுதச் சொல்லியிருந்தார்' என்கிறார்கள். அப்படியென்றால் உயில் என்று சொல்லுங்கள், உயிலைக் காட்டுங்கள். கல்லில் இருக்கிறது என்று சொல்லாதீர்கள். போட்டோஷாப் என்பவர்களுக்கு: எனக்கு வாட்ஸ்அப்பில் பிறந்தநாள் ஸ்டிக்கர் அனுப்பவே மகள் சொல்லித்தர வேண்டும்.

'பொய்மையும் வாய்மை யிடத்த' என்று குறளையே எடுத்து என் மேல் போட்டார் ஒரு நண்பர். தமிழாசிரியைக்கே குறளா என்று கேட்க மாட்டேன். ஆனால் அந்தக் குறளை முழுசாகச் சொல்லுங்கள் ஐயா. 'புரைதீர்ந்த நன்மை பயக்கும் எனின்' என்று ஒரு நிபந்தனை இருக்கிறதே, அது எங்கே போயிற்று? குற்றமில்லாத நன்மை வந்தால்தான். என்ன நன்மை வந்தது? நான் திருப்பி 'எப்பொருள் யார்யார்வாய்க் கேட்பினும்' என்ற 423-ஆம் குறளை எடுத்துப் போட்டிருக்கலாம். போடவில்லை. அவர் வயதில் மூத்தவர்.

என்ன நன்மை வந்தது என்று கேட்டேன் அல்லவா, என்ன வந்தது என்று எனக்குத் தெரியும். அந்தப் பதிவு போட்ட அன்று இரவு பழைய மாணவன் ஒருவனிடமிருந்து செய்தி வந்தது. லண்டனில் வேலை பார்க்கிறான். "டீச்சர், நான் 2011-லயே போய்ப் பார்த்துட்டேன். உங்ககிட்ட சொல்ல மனசு வரலை." அவ்வளவுதான் செய்தி. நான் சொன்னதை நம்பி, போன இடத்தில் முதல் வேலையாக ரயிலேறிப் போயிருக்கிறான். போய் நின்று, தேடி, இல்லை என்று தெரிந்து திரும்பியிருக்கிறான். ஊருக்கு வந்தபோது என்னைப் பார்க்க வீட்டுக்கும் வந்தான், காபி குடித்தான், சொல்லவில்லை. இத்தனை வருடம் என்னைக் காப்பாற்றி வைத்திருக்கிறான். நான் வேறு எதையெல்லாம் சொல்லிக்கொடுத்தேன், அதில் எதையெல்லாம் அவன் அன்றிலிருந்து நம்பாமல் விட்டான் என்று யோசித்தால் தூக்கம் வரவில்லை. மேடையில் கைதட்டல் வாங்குகிறவர்களுக்கு இது புரியாது. அவர்களைத் தேடிப் பழைய மாணவன் வருவதில்லை.

இன்னொரு கோஷ்டி இருக்கிறது. அவர்கள் என்னைப் பாராட்டினார்கள். அதுதான் இன்னும் எரிச்சல். 'சரியாகச் சொன்னீர்கள் அம்மா, மிஷனரிகளின் முகமூடியைக் கிழித்துவிட்டீர்கள்' என்று. நான் எந்த முகமூடியையும் கிழிக்கவில்லை. அவர் மதம் பரப்ப வந்தவர், அதை அவர் ஒருநாளும் மறைத்ததில்லை. 1886 குறள் பதிப்புக்கு அவர் எழுதிய முன்னுரையைப் படித்திருந்தால் தெரியும், வள்ளுவருக்கு மயிலாப்பூரில் கிறித்தவர்களோடு பழக்கம் இருந்திருக்கும் என்று ஊகம் கட்டியிருக்கிறார். எனக்கு அது கொஞ்சமும் ஒப்பில்லை. இரண்டு கோஷ்டியும் அந்த முன்னுரையைப் படித்திருந்தால் இன்னும் நல்ல சண்டை போட்டிருக்கலாம். படிக்கவில்லை. ஒரு கோஷ்டிக்கு அவர் கடற்கரையில் நிற்கிற சிலை, 1968 உலகத் தமிழ் மாநாட்டுக்கு வைத்தது. இன்னொரு கோஷ்டிக்கு அவர் ஒரு சதி. ஊட்டியில் பையன்களைக் கண்டிப்பில் நடுங்கவைத்த வாத்தியார், எண்பது வயதில் மாணிக்கவாசகரோடு மல்லுக்கட்டிய கிழவர், அவர் யாருக்கும் வேண்டாம்.

கல்லில் அந்த வரி இல்லை என்றால் அவர் தமிழை நேசிக்கவில்லை என்று அர்த்தமா? யார் சொன்னார்கள் அப்படி? நான் சொன்னேனா? ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் போடுங்கள்.

இவ்வளவு பேசுகிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். எல்லீசன் கல்லறை எங்கே இருக்கிறது?

திண்டுக்கல்லில். பிரான்சிஸ் ஒயிட் எல்லிஸ், சென்னைக் கலெக்டர். தென்னிந்திய மொழிகள் தனிக் குடும்பம் என்று கால்டுவெல்லுக்கு 40 வருடம் முன்பே, 1816-ல் எழுதியவர். 1818-ல் சென்னையில் தண்ணீர்ப் பஞ்சம் வந்தபோது 27 கிணறு வெட்டி, ராயப்பேட்டைக் கிணற்றில் குறளோடு கல்வெட்டு வைத்தவர். மறுவருடம் ராமநாதபுரத்தில் இறந்துபோனார். அவர் கல்லறைக்குத் தமிழிலேயே கல்வெட்டு வைத்தார்கள், அவர் குறளுக்குச் செய்த உரையைச் சொல்லி. கவனியுங்கள், தமிழில். குறளைச் சொல்லி. நீங்கள் ஆக்ஸ்போர்டில் இருப்பதாகக் கற்பனை செய்துகொண்டு அழுகிற கல்லறை உண்மையிலேயே இருக்கிறது, எங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் இரண்டரை மணி நேரத்தில். அதற்கு எந்த மேடையிலும் கைதட்டல் கிடையாது. ஒன்பதாம் வகுப்பில் நானும் சொன்னதில்லை. நானும் போனதில்லை. 27 வருடம் பக்கத்திலேயே இருந்துகொண்டு, விமானம் ஏறிப் போய் முதல் கல்லறையைப் பார்த்தேன்.

அதனால் வருகிற சனிக்கிழமை திண்டுக்கல் போகிறேன். அண்ணனிடம் சொன்னேன், "பொம்பளை தனியா கல்லறைக்கா?" என்றான். தனியாகத்தான். கல்வெட்டில் நான் இப்போது எழுதியிருப்பது இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இதுவும் நான் படித்ததுதானே, பார்த்தது இல்லையே. இருந்தால் படம் போடுகிறேன். இல்லை என்றாலும் போடுவேன். அந்தப் பேச்சாளர் அடுத்த கூட்டத்துக்குத் தேதி குறித்துக்கொள்ளலாம்.