தெரியாத ஆளை வாசலில் நிறுத்தியது தப்பா?

வியாழக்கிழமை வாடிக்கையாளரோடு நடந்த ஜூம் மீட்டிங்கில் நான் ஒருவரை உள்ளே விடாமல் நிறுத்தியதைப் பற்றி ஆளாளுக்கு எழுதிவிட்டீர்கள். அந்த மீட்டிங்கின் ஸ்கிரீன்ஷாட்டும் ஊரெல்லாம் சுற்றி முடிந்துவிட்டது. 'வாட்ச்மேன் மேடம்' என்று எனக்குப் பட்டப்பெயரும் வைத்தாயிற்று. சரி, நானும் ஒரு தடவை பேசிவிடுகிறேன்.

நான் அனுமதிக்கும் வரை ஆட்கள் காத்திருக்கும் வெயிட்டிங் ரூமில் 'ஐபோன்' என்று ஒரு பெயர் வந்து நின்றது. வெறும் ஐபோன். அழைப்பில் இருந்த 11 பேரில் அது யார் என்று எனக்கு எப்படித் தெரியும்? "உங்கள் பெயரைப் போட்டுவிட்டு வாருங்கள்" என்று செய்தி அனுப்பினேன். பதில் இல்லை. அந்த நேரம் திரையில் ஓடிக்கொண்டிருந்தது அந்த வாடிக்கையாளருக்கென்று நாங்கள் போட்டிருந்த விலை விவரம். நான் உள்ளே விடவில்லை. 7 நிமிடம் கழித்துத்தான் தெரிந்தது, நின்றது அந்த வாடிக்கையாளர் நிறுவனத்தின் தலைவரே என்று.

7 நிமிடம் கொஞ்சம் அதிகம்தான், ஒத்துக்கொள்கிறேன். போன் போட்டுக் கேட்டிருக்கலாம். ஆனால் யார் என்று தெரியாதவரை உள்ளே விட மாட்டேன். அன்றைக்கும் விடவில்லை, இனியும் விட மாட்டேன்.

"லிங்க் அவரிடம் இருந்ததே, பாஸ்கோடும் இருந்ததே" என்கிறார்கள். நாம் அனுப்பும் லிங்க்குக்குள்ளேயே பல சமயம் பாஸ்கோடும், அதாவது உள்ளே நுழையும் ரகசியக் குறியீடும், ஒட்டிக்கொண்டு போகிறது. அதை யார் யாருக்கு ஃபார்வர்டு செய்தாலும் அவர் நேராக வாசலுக்கு வந்துவிடலாம். 2020 நவம்பரில் ஐரோப்பிய ஒன்றியப் பாதுகாப்பு அமைச்சர்களின் ரகசியக் கூட்டத்துக்குள் ஒரு டச்சுப் பத்திரிகையாளர் நுழைந்து கையசைத்தாரே, நினைவிருக்கிறதா? நெதர்லாந்து அமைச்சரின் ட்விட்டர் பக்கத்தில் வந்த ஒரு படத்தில் கூட்டத்துக்குள் நுழைவதற்கான 6 இலக்க எண்ணில் 5 இலக்கம் தெரிந்துவிட்டது. அவ்வளவுதான். அமைச்சர்களின் கூட்டத்துக்கே அந்தக் கதி.

"அதெல்லாம் என்க்ரிப்ஷன் இருக்கிறது" என்று இன்னொருவர். என்க்ரிப்ஷன் பேச்சைப் பூட்டி அனுப்பி, வழியில் ஒட்டுக்கேட்பவனைத் தடுக்கும். நானே கதவைத் திறந்து உட்காரவைத்த ஆளை அது என்ன செய்யும்? அதோடு ஜூமில் எண்ட் டு எண்ட் என்க்ரிப்ஷன் (ஜூம் நிறுவனமே கேட்க முடியாத பூட்டு) வேண்டுமென்றால் நாம்தான் ஆன் செய்ய வேண்டும். செய்தால் ஜூமின் சர்வரில் மீட்டிங்கைப் பதிவு செய்யும் கிளவுட் ரெக்கார்டிங் வேலை செய்யாது. நம் ஆட்கள் ரெக்கார்டிங்கை விடுவார்களா?

நான் ஏன் இவ்வளவு பிடிவாதம் பிடிக்கிறேன் என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். முன்பு வேலை பார்த்த இடத்தில் வாராவாரம் ஒரே லிங்க்கில்தான் கூடுவோம். வெயிட்டிங் ரூம் கிடையாது. ஒரு திங்கட்கிழமை, ஆட்குறைப்பில் யார் யார் போகப் போகிறார்கள் என்று மேலாளர் ஒவ்வொரு பெயராகப் படித்துக்கொண்டிருந்தார். ஓரத்தில் பங்கேற்பாளர் 14 என்று காட்டியது. நாங்கள் 13 பேர். எண்ணினேன், மறுபடியும் எண்ணினேன். கடைசியில் ஒரு கறுப்புக் கட்டம், நடுவில் ஒரே ஓர் எழுத்து, மியூட், கேமரா இல்லை. மூன்று மாதம் முன்பு வேலையை விட்டுப் போனவர். பழைய அழைப்பு அவருடைய காலண்டரில் அப்படியே கிடந்திருக்கிறது. 40 நிமிடம் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். அன்று மாலைக்குள் அந்தப் பட்டியல் எல்லோருடைய போனிலும் இருந்தது. பட்டியலில் இருந்த ஒரு தோழி எனக்குப் போன் செய்து அழுதாள், "உனக்கு முன்னாடியே தெரியுமா?" என்று கேட்டு. அந்தக் கேள்வி இன்னும் என்னை விடவில்லை.

"நம் சின்ன கம்பெனியை யார் குறிவைக்கப் போகிறார்கள்" என்பவர்களுக்குப் பதில் சொல்லும் பொறுமை எனக்கு இல்லை. அந்த 14ஆவது ஆள் யாரையும் குறிவைக்கவில்லை, கதவு திறந்திருந்தது, வந்தார்.

"கேமராவை ஆன் செய்யச் சொன்னால் போதுமே, முகம் தெரியுமே" என்பது நல்ல யோசனைதான், நானும் கேட்கிறேன். ஆனால் 2024 தொடக்கத்தில் ஹாங்காங்கில் அரப் (Arup) என்ற பொறியியல் நிறுவனத்தின் ஊழியர் ஒருவர் வீடியோ காலில் நிதி அதிகாரியின் முகத்தையும் சக ஊழியர்களின் முகங்களையும் பார்த்து நம்பி, 15 தவணையாக 20 கோடி ஹாங்காங் டாலரை அனுப்பிவிட்டார். அத்தனை முகமும் போலி. இனி முகத்தைப் பார்த்தும் ஏமாறலாம் என்றிருக்கும்போது, பெயரே இல்லாத ஒரு 'ஐபோன்'ஐ எதை நம்பி விடுவது?

இதில் எனக்கு வலிப்பது வேறு. போன மாதம் எங்கள் குழுவில் இன்னொருவர் இதையேதான் செய்தார். தாமதமாக வந்தவர்களை லாக் போட்டு வெளியே நிறுத்தினார். "கறாரான ஆளுப்பா" என்று பாராட்டினார்கள். நான் செய்தால் வாட்ச்மேன். வாட்ச்மேன் வேலையைக் கேவலம் என்று யார் சொன்னது? இத்தனை மீட்டிங்கில் ஒரு வார்த்தை வெளியே போகவில்லையே, யாராவது நன்றி சொன்னீர்களா? நானும் எதிர்பார்க்கவில்லை. கிண்டல் செய்யாமலாவது இருந்திருக்கலாம்.

"வாடிக்கையாளர் மனம் புண்பட்டுவிட்டார், ஒப்பந்தமே போய்விடும்" என்று வெள்ளிக்கிழமை முழுக்க என்னிடம் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். நேற்று அவருக்கே மின்னஞ்சல் அனுப்பினேன். நாளைக்குப் புது லிங்க், உங்கள் பெயரோடு வாருங்கள், காத்திருக்க வைத்ததற்கு வருந்துகிறேன் என்று எழுதினேன். பத்து நிமிடத்தில் பதில் வந்தது. தவறு தன்னுடையதுதான், காரிலிருந்து மகளின் போனில் வந்ததால் பெயர் மாற்றத் தெரியவில்லை என்று எழுதியிருக்கிறார். எங்கள் விலை விவரம் அப்படிச் சுலபமாக யார் கண்ணிலும் படாது என்று தெரிந்ததில் நிம்மதி என்றும் எழுதியிருக்கிறார்.

அந்த மின்னஞ்சலை எங்கள் குழுவில் இன்னும் போடவில்லை. ஸ்கிரீன்ஷாட் போட்டவரே அதைக் கேட்டு வாங்கிப் போடட்டும்.